‘நெடுந்தீவு அருகே...’ செய்தியில் மட்டுமே பார்த்த தீவில் இரண்டு இரவுகள்!

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நான் டைப் செய்த ஊர்ப் பெயர், நெடுந்தீவு. ‘நெடுந்தீவு அருகே ராமேஸ்வரம் மீனவர்கள் கைது, படகுகள் பறிமுதல்.’ அதற்குப் பிறகு எத்தனை முறை டைப் செய்திருப்பேன் என்று கணக்கில்லை. மீனவர்களின் எண்ணிக்கை மாறும், படகுகளின் எண்ணிக்கை மாறும். மற்றதெல்லாம் பழைய செய்தியிலிருந்து காப்பி, பேஸ்ட்தான்.

ஒருநாள் சும்மா மேப்பைத் திறந்து பார்த்தேன். அந்த ‘அருகே’வுக்கு அந்தப் பக்கம் ஒரு முழு ஊரே இருந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில்கள், தேவாலயங்கள், டச்சுக் கோட்டை. இதுபோக, காட்டுக் குதிரைகள் வேறு! ராமேஸ்வரத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 50 கிலோமீட்டர்தான். அங்கேயே போய்விட்டு வந்தால் என்ன என்று தோன்றியது. கல்லூரித் தோழி ஒருத்தியும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நேர்கோட்டில் 50 கிலோமீட்டர் என்றேன். ஆனால் அந்தக் கோட்டில் நம்மால் போக முடியாது. இலங்கைக்கான அனுமதியை ஆன்லைனில் எடுத்து, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏறினோம். 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாள்களிலேயே நின்று, 2024 ஆகஸ்ட்டில் மறுபடி ஓட ஆரம்பித்த அதே கப்பல் சேவை. சுமார் நான்கு மணி நேரப் பயணம். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள் என்பதால், தேதி பார்த்துத்தான் திட்டமிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு தங்கி, செவ்வாய்க்கிழமை காலை பஸ் பிடித்தோம்.

பண்ணைப் பாலம் தாண்டியதுமே இரண்டு பக்கமும் கடல். வேலணை, வாணர் பாலம், புங்குடுதீவு என்று தீவு தீவாகத் தாண்டி, குறிகட்டுவான் துறையில் சாலை முடிந்துவிடுகிறது. பஸ்ஸில் வந்தவர்களில் பாதிப் பேர் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போகும் படகில் ஏறினார்கள். எங்கள் படகில் அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், தேங்காய், ஒரு மோட்டார் சைக்கிள், அப்புறம் நாங்கள். ஆகஸ்ட் மாதம் சோளகக் காற்று வீசும் காலம். ஒரு மணி நேரம் படகு ஆடிய ஆட்டத்தில் தோழி எல்லாக் கடவுள்களையும் கூப்பிட்டுவிட்டாள். நான் பேசும் நிலையிலேயே இல்லை.

நெடுந்தீவில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது வேலிகள். கடலிலிருந்து வந்த பவளப்பாறைக் கற்கள். ‘முருகைக்கல்’ என்கிறார்கள். சுண்ணாம்பும் இல்லை, சேறும் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாகப் பார்த்துப் பார்த்து அடுக்கி, இடுப்பளவு, சில இடங்களில் அதற்கும் மேல். தீவு முழுக்க இந்த வேலிகள்தான். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தோம், வேலி இருந்த பல வளவுகளில் வீடு இல்லை. இருந்த வீடுகள் சிலவற்றில் கூரை இல்லை. ஆட்கள் வன்னிக்குப் போய்விட்டார்கள், யாழ்ப்பாணம் போய்விட்டார்கள், கனடா போய்விட்டார்கள். சுமார் 50 சதுர கிலோமீட்டர் தீவில் இன்று இருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான்.

தங்குவதற்கு ஒரு வீட்டில் அறை கிடைத்தது. அந்த வீட்டு அக்கா கேட்ட முதல் கேள்வி, “நீங்கள் இந்தியாவோ பிள்ளை?”

“ஆமாக்கா, சென்னை.”

“அப்ப றோலர்காரற்ர ஆக்கள் இல்லை” என்று சிரித்தார். நாங்களும் சிரித்து வைத்தோம். அப்போது எனக்கு முழுசாகப் புரியவில்லை.

வாடகை சைக்கிளில் சுற்றினோம். டச்சுக்காரர்கள் தங்கள் ஊரான டெல்ஃப்ட்டின் பெயரை இந்தத் தீவுக்கு வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் காலத்துக் கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பாழடைந்து கிடக்கிறது. கடிதம் கொண்டுபோன புறாக்களுக்குக் கட்டிய கூடு ஒன்றும் நிற்கிறது. அரபு வணிகர்கள் கொண்டுவந்து வைத்ததாகச் சொல்லப்படும் பெருக்குமரத்தின் அடியில் ஒரு பொந்து. இரண்டு பேரும் உள்ளே போய் நின்றோம், இன்னும் இடம் இருந்தது. உள்ளே நல்ல குளிர்ச்சி. ‘வளரும் கல்’, ‘பெரிய பாதம்’ என்று இன்னும் இரண்டு இடங்கள் காட்டினார்கள். நம்புகிறவர்கள் பார்க்கலாம்.

குதிரைகளைப் பார்க்க மறுநாள் விடியற்காலையில் கிளம்பினோம். தெற்கே போகப் போகப் பனைமரங்கள் குறைந்து, வெறும் புல்வெளி. இந்தக் குதிரைகளைப் போர்த்துக்கீசர் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். டச்சுக்காரர்கள் வளர்த்தார்கள். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இங்கே இருந்து குதிரை வளர்ப்பைக் கவனித்திருக்கிறார். அவர்கள் எல்லோரும் போன பிறகு, குதிரைகள் மட்டும் தங்கிவிட்டன. குட்டையான உடம்பு, காற்றில் கலைந்த பிடரி. படத்தில் பார்க்கும் பாய்ச்சல் எதுவும் இல்லை. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டையைச் சுற்றித் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. ஒரு குட்டியின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். 2015-ல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள்; ஆனாலும் மழை பொய்த்த வருடங்களில் குதிரைகள் தண்ணீரில்லாமல் செத்திருக்கின்றன. போட்டோ எடுக்கப் போன நாங்கள் கொஞ்ச நேரம் கழித்து மொபைலைப் பைக்குள் போட்டுவிட்டோம்.

மனிதர்களுக்கும் இங்கே நல்ல தண்ணீர் பெரிய விஷயம். மின்சாரம்கூட டீசல் ஜெனரேட்டரில்தான். தேசிய மின் இணைப்பு இந்தத் தீவுக்கு வரவில்லை. போகிறவர்கள் தண்ணீரைக் கொஞ்சம் பார்த்துச் செலவு பண்ணுங்கள். கையில் இலங்கைப் பணமும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் ஏறித் திரும்பினால், அக்காவின் கணவர் திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் கடலுக்குக் கிளம்பியவர். புட்டும் மீன் குழம்பும் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன், “அண்ணா, இன்னிக்குக் கடலுக்குப் போகலையா?”

“இண்டைக்குப் புதனெல்லோ.”

“புதன்னா?”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “திங்கள், புதன், சனி. கிழமையில மூண்டு நாள் உங்கட றோலருகள் வாற நாள். அண்டைக்கு வலை போட்டால் விடிய அறுந்த துண்டுதான் மிஞ்சும். அதால நாங்கள் போறேல்லை.”

ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். செய்தியில் எழுதியிருக்கிறேன். அந்த மூன்று நாளும் எதிர்க்கரையில் அடுப்புக்கு விடுமுறை என்பதுதான் தெரியாது. நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் அல்லவா, அந்த இரண்டு மாதம்தான் இவர்களுக்கு நல்ல காலமாம். அடிமடியை வாரும் இழுவை மடி முறையை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. ஆனால் கடலில் நிலைமை பெரிதாக மாறவில்லை என்றார்.

நான் இத்தனை நாள் கைது செய்திகளை நம் கரையிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அதில் தவறில்லை, பிடிபடுகிறவர்களின் வீட்டில் அழும் அம்மாக்களின் வீடியோவை எடிட் செய்தவள் நான். அவரிடமும் அதைச் சொன்னேன். கோபப்படவில்லை. “பிடிபடுற பெடியள் பாவம் பிள்ளை. முதலாளின்ர படகில கூலிக்கு வாறவை. அவையளும் தமிழ், நாங்களும் தமிழ். ஆரோட சண்டை பிடிக்கிறது?” என்றார்.

கடற்படை உங்களுக்குப் பாதுகாப்புதானே என்று கேட்டேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “சாப்பிடுங்கோ, ஆறப்போகுது” என்றார்.

அன்று ராத்திரி சைக்கிளில் மேற்குக் கரைக்குக் கூட்டிப்போனார். நிலா இல்லை. கடலின் விளிம்பில் வரிசையாக விளக்குகள். முதலில் ஏதோ ஊர் என்றுதான் நினைத்தேன். தோழி மெதுவாக, “அது நம்ம படகுங்களா?” என்றாள். அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். திரும்பும்போது அவரே, “நாளைக்கு உங்களைப் படகேத்திப்போட்டு வலை கொண்டுபோவன்” என்றார்.

வியாழக்கிழமை காலை மாவிலித்துறையில் படகுக்குக் காத்திருந்தபோதுதான் அங்கிருந்த நினைவிடத்தைச் சரியாகப் பார்த்தேன். 1985 மே 15 அன்று இந்தத் தீவிலிருந்து கிளம்பிய ‘குமுதினி’ பயணிகள் படகைக் கடலில் மறித்து, பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் வெட்டிக் கொன்றிருக்கிறார்கள். இலங்கைக் கடற்படையினர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அந்தப் படகைப் பழுதுபார்த்து, பல வருடங்கள் மறுபடி இதே வழியில்தான் ஓட்டினார்கள். தீவில் இருப்பவர்களுக்கு வெளியே போக வேறு வழி ஏது?

முந்தின நாள் நான் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. அவர் எங்கள் பைகளைப் படகுக்குள் இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மன்னிப்பு கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் படகு நகர்ந்துவிட்டது.

சென்னை வந்த அடுத்த வாரம், காலை ஷிப்ட்டில் அந்தச் செய்தி வந்தது. நெடுந்தீவு அருகே, நள்ளிரவில், ராமேஸ்வரம் மீனவர்கள். பழைய செய்தியைத் தேடி எடுக்கும் முன் காலண்டரைப் பார்த்தேன். வியாழன். அப்படியென்றால் நேற்று ராத்திரி அண்ணன் கடலுக்குப் போயிருக்க மாட்டார்.