கடலைக் காணாத படகு

எங்கள் விராலிமலையில் படகைப் பற்றிப் பேச்செடுத்தால் சிரிப்பார்கள். மலைமேல் முருகன், புதரெல்லாம் மயில், சுற்றிலும் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தாலே எங்களுக்குத் திருவிழாதான். ஆனால் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடற்கரையும் உண்டு. தென்கிழக்கே நூறு கிலோமீட்டருக்குமேல் போனால் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று மீன்பிடி ஊர்கள் வரும். அந்தப் பக்கத்தில், கீற்றுக்கொட்டகை போட்ட ஒரு சிறிய பட்டறையில்தான் அந்த விசித்திரமான படகைப் பார்த்தேன்.

முப்பதடி நீளம் இருக்கும். கவிழ்த்து வைத்திருந்தார்கள். குனிந்தால் முகம் தெரியும். அப்படி ஒரு மினுமினுப்பு.

“எப்போது கடலில் இறக்கப் போகிறீர்கள், ஆசாரியாரே?” என்று கேட்டேன்.

“இது இறங்காதுங்கய்யா. மாதிரிக்குச் செஞ்சது” என்றார் கிழவர். உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

விஷயம் இதுதான். கண்ணாடி இழைப் படகுக்கு முதலில் மரத்தில் அதன் வெளிவடிவம் முழுவதையும் செய்கிறார்கள். பட்டி பூசித் தேய்த்து, பல தடவை மெழுகேற்றி மெருகிடுகிறார்கள். அதன்மேல் ரெசினும் கண்ணாடி இழையும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியதும், வெளியே இரும்புச் சட்டம் கொடுத்துத் தூக்கிப் புரட்டினால், அதுவே அச்சு. பிறகு அச்சுக்குள்ளே படகு பிறக்கிறது. வீட்டைக் கட்டிவிட்டு வர்ணம் அடிப்பது நம் வழக்கம். இங்கே வர்ணப் பூச்சு முதலில், சுவர் பிறகு!

சுவாமிமலையில் ஸ்தபதி மெழுகில் வடித்த உருவம் உருகிப் போகும். மண் அச்சையும் உடைத்துத்தான் விக்கிரகத்தை எடுப்பார்கள். ஓர் அச்சுக்கு ஒரே விக்கிரகம். படகு அச்சோ, பேணினால் ஒன்றன்பின் ஒன்றாக ஈன்றுகொண்டே இருக்கும். ஒரே படகு போதுமென்றால் இத்தனை பாடு வேண்டாம். திலீப் தோந்தே 2010-ல் தனியாக உலகைச் சுற்றி முடித்த ‘மாதேயி’ என்ற பாய்மரப் படகு, கோவாவில் திவார் தீவுப் பட்டறையில் சிடார் மரப்பட்டிகளை ஒட்டி, மேலே கண்ணாடி இழை போர்த்திக் கட்டியதுதான்.

“இதுல ஒரு நூல் கோணுச்சுன்னா, நூறு படகும் கோணுங்கய்யா” என்றார் ஆசாரியார்.

கோணிய படகு ஒரு பக்கமாகவே இழுக்கும். அதில் போகிறவன் காற்றைத் திட்டுவான், நீரோட்டத்தைத் திட்டுவான். அச்சைச் சந்தேகிக்க மாட்டான்.

அந்தக் காலத்தில் அவர் மரத்திலே வள்ளம் கட்டியவர். ஒவ்வொன்றும் ஒருவருக்கென்று கட்டியது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்துபோன பிறகு, தமிழகக் கரையெங்கும் கண்ணாடி இழைப் படகுகள் பெருகின. அச்சு வந்துவிட்டால் தூரிகையும் உருளையும் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் போதும். உளிக்கு வேலை இல்லை.

“அச்சு எடுத்தபின் இந்த மரம்?”

“பிரிச்சு அடுப்புக்குத்தான்.”

“நீங்கள்?”

“உங்க பக்கம் யாராச்சும் வீடு கட்டுனா சொல்லுங்கய்யா. நிலை, கதவெல்லாம் நல்லாச் செய்வேன்.”

தம் பிழைப்பை முடித்துவைக்கப் போகும் வேலை என்று தெரிந்தே அதை இப்படி இழைக்கிறார். கொஞ்சம் அரைகுறையாக விட்டிருந்தாலும் பட்டறையில் யாரும் கண்டிருக்க மாட்டார்கள். கடலுக்குப் போகிறவன்தான் அனுபவித்திருப்பான்.