சுவரில் நிற்கும் ஆராய்ச்சி

திருவனந்தபுரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் இப்போது ஒரு புதுப் பொருளைக் காண்கிறோம். இரண்டு முழ நீளமுள்ள குழல் அது. கல்லூரியிலும் ஆராய்ச்சி நிலையத்திலும் பயிலும் பிள்ளைகள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறுகிறார்கள். உள்ளே இருப்பது தூண்டிலோ ஓவியமோ என்று பக்கத்தில் நிற்பவர்கள் ஐயுறுகிறார்கள். பெற்றோரைக் கேட்டால், "ஏதோ போஸ்டராம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த ‘ஏதோ’ என்னும் சொல்தான் நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

நம்மில் பலருடைய பாட்டனார் சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்யவோ, திருவிதாங்கூர் அரசாங்கத்தில் கணக்கு எழுதவோ இந்நகருக்கு வந்தவர்கள். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நாம் எல்லைக்கு இப்பக்கத்திலேயே தங்கிவிட்டோம். நாம் தங்கிய ஊரோ ஆராய்ச்சிக்குப் பேர்போன ஊர். சுவாதித் திருநாள் மன்னர் 1837-இல் இங்கே வானியல் ஆய்வுக்கூடம் நிறுவினார். 1963-இல் தும்பாக் கடற்கரையிலிருந்து முதல் ராக்கெட்டு வானில் எழுந்தது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் உருவான செயற்கை இதய வால்வு 1990-இல் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. இத்தகைய ஊரில் நம் பேரப்பிள்ளைகள் ஆராய்ச்சி மாணவர்களாவதில் வியப்பொன்றும் இல்லை. அவர்கள் என்ன ஆராய்கிறார்கள் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் இருப்பதுதான் வியப்பு.

குழலுக்குள் இருப்பது ஆராய்ச்சிச் சுவரொட்டி. அறிஞர் மாநாடுகளில் கட்டுரை படிக்க விரும்புவோர் தொகை பெருகி, மேடையில் எல்லோருக்கும் நேரம் ஒதுக்க இயலாமல் போயிற்று. ஆதலின், ஒவ்வொருவரும் தம் ஆராய்ச்சியை ஒரு பெரிய தாளில் அச்சிட்டுச் சுவரில் மாட்டி, அதன் அருகே நின்று வருவோருக்கு விளக்குவது என்னும் வழக்கம் தோன்றியது. 1969-இல் மாட்ரிட் நகரில் கூடிய ஐரோப்பிய உயிர்வேதியியல் சங்கங்களின் மாநாட்டில் இம்முறை கையாளப்பட்டது. 1974-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரக் கூட்டத்திலும் கையாளப்பட்டது. பின்னர் உலகெங்கும் பரவிவிட்டது. நம் மாநிலத்தில் ஆண்டுதோறும் கூடும் கேரள அறிவியல் மாநாட்டிலும் சுவரொட்டிக்குத் தனி இடம் உண்டு.

அத்தகைய கூடம் ஒன்றை நாமும் சுற்றிப் பார்த்தோம். வரிசை வரிசையாகத் தட்டிகள். ஒவ்வொரு தட்டியிலும் ஆளுயரத் தாள். தாள் முழுவதும் எழுத்து. கட்டுரையின் பத்துப் பக்கங்களை அப்படியே எடுத்து ஒட்டியது போன்ற தோற்றம். முன்னுரை, நோக்கம், முறை, முடிவு, நன்றியுரை என்று ஒன்றும் விடுபடவில்லை. படிப்பவரைத்தான் காணோம். வந்தவர்கள் தலைப்பில் கண்ணை ஓட்டி, மூன்றடி நடந்து, அடுத்த தாளுக்குப் போய், அங்கிருந்து தேநீர் மேசைக்குச் சென்றுவிட்டார்கள். இரண்டாண்டு உழைப்பு அங்கே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்ற இளைஞர்களின் முகங்களை இன்னும் நாம் மறக்கவில்லை.

அவர்களிடம் அறிவுக் குறைவு இல்லை. "எழுதாமல் விட்டால் தெரியாது என்று எண்ணிவிடுவார்களோ" என்னும் அச்சமே எழுத்துகளை அவ்வாறு நெருக்குகிறது என்று நாம் கருதுகிறோம். பிற மொழி பேசும் ஊரில் வளர்ந்து, வேறொரு மொழியில் பயின்ற நம் பிள்ளைகளுக்கு இவ்வச்சம் சற்று மிகுதியாகவே இருக்கிறது. தம்மைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் இடங்கொடுக்கலாகாது என்று நாம்தாமே சொல்லி வளர்த்தோம்!

நம் மகள் வயிற்றுப் பேத்தி ஒரு மாநாட்டுக்காகச் சுவரொட்டி தயாரித்தபோது, முதற்படியைப் பல தாள்களாக அச்சிட்டு நடுக்கூடத்தில் பரப்பியிருந்தாள். ‘தென் கேரளக் கடலோரப் பகுதியின் ஆழமற்ற நிலத்தடி நீரின் உவர்த்தன்மையில் பருவகால மாறுபாடுகள்: ஓர் ஆய்வு’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் நீண்டதொரு தலைப்பு. அவளுடைய ஆச்சி காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு அவ்வழியே வந்தவர், தாளை மிதிக்காமல் ஒதுங்கி நின்று கேட்டார்:

"மக்களே, இதுல நீ என்னத்தக் கண்டுபிடிச்சிருக்க?"

"பம்பு வச்சு நெறைய இறைக்கிற கிணத்துலதான் ஆச்சி மொதல்ல உப்பு ஏறுது."

"அத எங்க எழுதியிருக்க?"

பேத்தி தேடினாள். வலப்பக்கத்தின் அடியில், ஏழாவது வரியில், இரண்டு அட்டவணைகளுக்குக் கீழே அது இருந்தது. அன்றிரவு அவ்வாக்கியம் தாளின் உச்சிக்கு ஏறியது. ‘ஓர் ஆய்வு’ என்னும் சொற்கள் மறைந்தன. ஆய்வு என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன? முதலில் தமிழில் பிறந்த வாக்கியத்தை அவள் பிறகு ஆங்கிலத்தில் அமைத்துக்கொண்டாள். தமிழில் ஒரே மூச்சில் சொல்ல முடிந்ததால் ஆங்கிலத்திலும் அது சுருக்கமாகவே வந்தது.

இதே கருத்தை 2019-இல் மைக் மாரிசன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சி மாணவர் காணொளி ஒன்றின் வாயிலாகப் பரப்பினார். தாளின் நடுவே கண்டுபிடிப்பை எளிய வாக்கியமாகப் பெரிய எழுத்தில் அமைக்க வேண்டும். விவரங்கள் ஓரத்தில் ஒதுங்க வேண்டும். முழுக் கட்டுரையையும் படிக்க விரும்புவோர்க்குக் கைப்பேசியில் எடுத்துக்கொள்ளும் க்யூஆர் குறி ஒன்று போதும் என்பது அவர் முறை. நாம் இதை முக்கால் பங்கு ஏற்கிறோம். பெரிய எழுத்தில் எழுதிய வாக்கியம் பெரிய உண்மையாகத் தோன்றிவிடும் இடர் ஒன்று உண்டு. எத்தனை கிணறுகள், எத்தனை மாதங்கள் என்பதும் அருகிலேயே கண்ணில் பட வேண்டும்.

எண்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நம் ஊர் ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்த ஜான் ஆலன் புரௌன் இந்நகரிலும் அகத்தியமலை உச்சியிலும் காந்த ஊசியின் அசைவுகளைப் பல்லாண்டு அளக்கச் செய்து, 1874-இல் நூலாக வெளியிட்டார். அதில் எண்கள் அட்டவணை அட்டவணையாக நிறைந்திருக்கின்றன. நூலுக்கு அது பெருமை. மேசையில் வைத்து ஆறஅமரப் படிக்கலாம். சுவரில் மாட்டும் தாளுக்கு அது பொருந்தாது. நின்றுகொண்டிருப்பவன் நாற்பது எண்களை ஒப்பிட்டுப் பார்க்க மாட்டான். அவனுக்கு ஒரு கோட்டுப் படம் வேண்டும். ஏறுகிறதா, இறங்குகிறதா, எங்கே திரும்புகிறது என்பது ஒரு பார்வையில் விளங்க வேண்டும். 1858-இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் போர்க்களப் படைவீரர்களின் சாவுக் கணக்கை நிறம் தீட்டிய வட்டப் படமாக வரைந்து காட்டினார். காயத்தால் மாண்டவர்களைவிடத் தடுக்கக்கூடிய நோயால் மாண்டவர்கள் எத்துணை மிகுதி என்பதை அப்படம் சொல்லிற்று. படம் பொய்யும் சொல்லும் என்பதை மறக்கலாகாது. பட்டைப் படத்தின் அளவுகோலைச் சுழியிலிருந்து தொடங்காமல் தொண்ணூற்றிலிருந்து தொடங்கினால் சிறு வேறுபாடு மலைபோலத் தோன்றும். அப்படி வரைந்து பரிசு பெறுவதைவிடப் பரிசின்றி வீடு திரும்புவது மேல்.

இனி, தயாரிப்போருக்குப் பயன்படும் சில. பெரும்பாலும் கேட்கப்படும் தாள் ‘ஏ-0’ என்பது. 841 மில்லிமீட்டர் அகலமும் 1189 மில்லிமீட்டர் நீளமும் உடையது. நிறுத்தி மாட்டுவதா படுக்கவைத்து மாட்டுவதா என்பதை மாநாட்டாரிடம் முன்னரே கேட்டறிய வேண்டும். வீட்டில் அச்சிடும் ‘ஏ-4’ தாளைப் போல் அது நீளத்திலும் அகலத்திலும் நான்கு மடங்கு. ஆகவே முழுத் தாளையும் ‘ஏ-4’ அளவிற் சுருக்கி அச்சிட்டுக் கைநீளத் தொலைவில் பிடித்துப் பாருங்கள். கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிந்தால் சுவரில் நான்கு கைநீளத் தொலைவிலிருந்தும் படிக்கலாம். முடியாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்குவதற்கு முன் சொற்களைக் குறையுங்கள். உடலெழுத்து 24 புள்ளிக்குக் கீழே இறங்காமலிருப்பது நல்லது.

கணித்திரையில் பளிச்சென்று தெரியும் படம் சுவரில் மங்கிப்போவதும் உண்டு. குறுக்கே ஆயிரம் புள்ளிகள் கொண்ட படத்தை 80 சென்டிமீட்டருக்கு விரித்தால் அங்குலத்துக்கு முப்பத்திரண்டு புள்ளிகளே தேறும், முகமெல்லாம் கட்டங்கட்டமாகிவிடும். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்க வேண்டா. ஆண்களுள் நூற்றுக்குச் சிலருக்கு அவ்விரண்டும் வேறுபட்டுத் தோன்றுவதில்லை. நீலமும் ஆரஞ்சும் எல்லோர்க்கும் பொருந்தும்.

தமிழிலேயே சுவரொட்டி அமைப்போருக்கு வேறொரு தொல்லை இருக்கிறது. வீட்டுக் கணினியில் ஒழுங்காக இருந்த எழுத்து, அச்சுக் கடைக்குப் போனதும் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று சிதறிவிடும். பழைய எழுத்துருக்களை விட்டு ஒருங்குறியில் அமைத்து, எழுத்துருவையும் உள்ளடக்கிய ‘பிடிஎஃப்’ கோப்பாகவே கடைக்குக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் மலையாளம் மட்டும் அறிந்தவராயின், ‘கொ’ உடைந்திருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. நாமே கூட இருந்து பார்க்க வேண்டும். மேலும், தமிழில் கூட்டுச்சொற்கள் நீளமானவை. கூவன்னாவும் கீயன்னாவும் மேலும் கீழும் இடம் கேட்பவை. ஆங்கிலத்துக்கு விடும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது.

தாளின் அடியில் ஒரு மூலையில் வரும் நன்றியுரையைப் பலர் சடங்காக எழுதுகிறார்கள். அதன் மதிப்பை உணர அகத்தியமலைக் காணிக்காரர்களின் வரலாறு ஒன்றே போதும். 1987-இல் அம்மலைக்கு ஆராயச் சென்ற அறிஞர் குழு களைத்துத் தள்ளாடியபோது, வழிகாட்டி வந்த காணிகள் ஏதோ ஒரு பழத்தைத் தின்றுகொண்டு சோர்வின்றி நடந்தார்கள். அதுவே ஆரோக்கியப்பச்சை. இந்நகரை அடுத்த பாலோட்டு வெப்பமண்டலத் தாவரத் தோட்டத்தார் அதை ஆராய்ந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கினர். 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய மருந்தகத்துக்கு உரிமை வழங்கப்பட்டபோது, உரிமைத் தொகையிலும் ஆதாய உரிமையிலும் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடாயிற்று. அப்பணத்தைப் பெறக் காணிகள் 1997-இல் அறக்கட்டளை அமைத்தனர். அறிவு யாரிடமிருந்து வந்தது என்று எழுதிவைப்பதற்கு இவ்வளவு பொருள் உண்டு. கிணற்றில் நீர் எடுக்க இசைந்த வீட்டாருக்கும், படகில் அழைத்துச் சென்ற மீனவருக்கும் அம்மூலையில் ஒரு வரி இருக்கட்டும். அவர்கள் கேட்பதற்காகக் காத்திருக்க வேண்டா.

சுவரொட்டி முடிந்தபின் நிற்கும் வேலை தொடங்குகிறது. தாளுக்கு முன்னால் நின்று அதை மறைக்கலாகாது. ஓரத்தில் நிற்க வேண்டும். வருபவர் படிக்கட்டும் என்று அரை நிமிடம் விட்டு, பிறகு ஒரு வாக்கியம் சொன்னால் போதும். தாளில் இருப்பதை ஒப்பிக்கத் தொடங்கினால் வந்தவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

மாநாடு முடிந்ததும் இத்தாள்கள் பெரும்பாலும் விடுதிப் பரண்மேல் ஏறிவிடுகின்றன. அதற்குள் அவற்றை வீட்டுக்கு வாங்கி, ஒரு மாதமாவது கூடத்தில் மாட்டிவைக்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். விருந்தினர் கேட்பார்கள்; பிள்ளை தமிழில் விளக்க நேரும்; அருகிலிருக்கும் நமக்கும் ஆறேழு முறை கேட்டபின் ஒருவாறு விளங்கிவிடும். வாடகை வீட்டில் இருப்போர் மட்டும் ஆணி அடிப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நலம்.