தாரிக்கும் பல்சரும்



சென்ற ஆண்டு மாலை மதரஸாவில் அத்தாரிக் அத்தியாயத்தை நடத்துகையில், வாட்ஸ்அப்பில் வந்த ஓர் ஒலிப்பதிவை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். கதவைத் தட்டுவது போன்ற ஓசை. “பல்சர் என்னும் விண்மீனின் சத்தம் இது, குர்ஆன் கூறும் தாரிக் இதுவே” என்று உறுதியாகச் சொன்னோம். எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எழுந்தான். “ஹஜ்ரத், அங்க காத்தே இல்லையே, சத்தம் எப்படி வரும்?”

நம்மிடம் விடை இல்லை.

பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்ட நாம், நாற்பது வயதைக் கடந்தபின் பதினோராம் வகுப்பு இயற்பியல் நூலை இரவல் வாங்கினோம். இஷாவுக்குப் பின் நாள்தோறும் ஒரு பக்கம். சில நாள் அதுவும் ஏறவில்லை.

பல்சரை 1967இல் கேம்பிரிட்ஜில் கண்டறிந்தவர் ஜோசலின் பெல் என்னும் ஆய்வு மாணவி. சூரியனைவிட மிகுந்த நிறை, ஏறத்தாழ 20 கி.மீ. விட்டத்துக்குள், அதாவது கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் இடைப்பட்ட தொலைவுக்குள், நெருக்குண்டு சுழல்கிறது. கலங்கரை விளக்கின் ஒளிபோல் அதன் ரேடியோ அலைக்கற்றை நம்மைக் கடக்கும்போதெல்லாம் கருவியில் ஒரு துடிப்பு பதிவாகும். முதலில் கண்ட பல்சர் 1.33 நொடிக்கு ஒருமுறை துடித்தது. வருவது அலையே, வானொலிப் பெட்டியைப் போல அதை ஓசையாக்குவது நாம்தான். பல்சர்களை ஆராயும் தொலைநோக்கி நம் உதகையிலேயே உண்டு. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் முடிந்தது. நீளம் 530 மீட்டர். அவ்விடத்தின் அட்சரேகைக்கு ஒப்பாக ஏறத்தாழ 11 பாகை சரிந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அமைத்ததால், ஒரே அச்சில் திருப்பி ஒரு விண்மீனை மணிக்கணக்கில் தொடர முடிகிறது. இவ்வளவு அருகில் இருந்ததை அறியாமல் பாடம் நடத்தியிருக்கிறோம்!

இரவில் வருபவர் கதவைத் தட்டுவதால் அவருக்குத் தாரிக் என்று பெயர் என முன்னோர் தந்த விளக்கம் நமக்குத் தெரிந்ததே. ஓர் ஒலிப்பதிவுக்காக அதைப் புறந்தள்ளினோம்.

திருத்திச் சொல்ல முனைந்தபோது பெரியவர் ஒருவர் தடுத்தார். “பிள்ளைகளின் ஈமான் ஆட்டம் கண்டுவிடாதா?” அந்த அச்சம் நமக்கும் இருந்தது. ஆயினும் இறைவேதத்தின் பெயரால் அறியாததைச் சொன்ன நாவு நம்முடையது. மறுமையில் விடை சொல்ல வேண்டியவரும் நாமே. மறுவாரம் வகுப்பில், “அன்று நாம் சொன்னது தவறு” என்றோம். சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

தை மாதத்தில் ஓர் இரவு அச்சிறுவனையும் மற்றவர்களையும் ஊருக்கு வெளியே கரிசல் காட்டு வரப்புக்கு அழைத்துச் சென்றோம். கார்த்திகைக் கூட்டத்தின் பின்னே செல்லும் செந்நிற ரோகிணியைக் காட்டி, “இதன் அரபுப் பெயர் அத்தபரான், பின்தொடர்வது என்று பொருள், இந்த ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 65 ஆண்டுகள் ஆகின்றன” என்றோம்.

“நிச்சயமா ஹஜ்ரத்?” என்றான்.

“இம்முறை படித்துவிட்டுத்தான் வந்தோம்.”