மருந்தியல் புத்தகம் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு



பேராதனை அலைட் ஹெல்த் பீடத்துக்குத் தெரிவான மாத்தளைப் பிள்ளைகள் எங்களிடம் எந்தப் புத்தகம் வாங்குவதென்று கேட்கிறார்கள். எடுத்த எடுப்பில் குட்மன் அன்ட் கில்மன் வேண்டாம். 1941இல் முதன்முதல் வந்த அந்தப் பெரிய நூலை நூலகத்தில் புரட்டினால் போதும். உயர்தரத்தைத் தமிழில் எழுதியவர்களுக்கு முதல் வருடம் ஆங்கிலமே பாரம். படங்களோடு சுருக்கமாகச் சொல்லும் லிப்பின்கொட்டே சரி என்பது எங்கள் எண்ணம். பழைய பதிப்பு மலிவுதான். மருந்து உடம்பில் எப்படி வேலை செய்கிறதென்று அதில் படியுங்கள், மருந்தளவை மட்டும் புதியதில் பாருங்கள்.

எந்தப் புத்தகமானாலும் மருந்தின் பொதுப் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேராதனையில் பேராசிரியராக இருந்த சேனக பிபிலே வலியுறுத்தியதும் அதைத்தான். பனடோலும் பரசிற்றமோலும் வேறு வேறென்று நினைத்து இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். முதலில் உம்மா, வாப்பாவின் மருந்துப் பையை எடுத்துப் பாருங்கள்.