200 மில்லிமீட்டர் மழையில் கோதுமை: தார் பாலைவனப் பயணம்

‘மழை குறைஞ்சு போச்சு, இனி மானாவாரி தேறாது’ என்று சொல்லும் விவசாயிகளை வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தப் பயணக் கட்டுரை அவர்களுக்காகத்தான்.

ஜனவரியில் நண்பர் குடும்பத்தோடு ராஜஸ்தான் மாநிலம் ஜெய்சல்மேர் பக்கம் ஐந்து நாள் சுற்றினோம். ஜீப்புக்குப் பின்னால் சின்ன டிரெய்லர். அதில் கூடாரம், கம்பளி, அடுப்பு, அரிசி, பருப்பு, 200 லிட்டர் தண்ணீர். பகல் வெயில் இதமாக இருக்கும். ராத்திரியில் குளிர் 5 டிகிரி வரைகூட இறங்கும். காற்றில் ஈரம் இல்லாததால் மணல் சீக்கிரம் ஆறிவிடுகிறது.

மணலில் சக்கரம் புதைந்தால் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும். டயர் அகலமாகப் பதிந்து வண்டி மேலே வரும். அங்கே ஒட்டக வண்டிகளுக்குப் பழைய விமான டயர் மாட்டியிருப்பதும் இதே கணக்குதான்.

மூன்றாம் நாள் ஒரு மண் கரைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டோம். கரைக்கு உள்பக்கம் கோதுமையும் கொண்டைக்கடலையும் பச்சைப்பசேல் என்று நின்றன. கிணறு இல்லை, மோட்டார் இல்லை. அந்த மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். நம் ராமநாதபுரத்தில் அதைப்போல நாலு மடங்கு பெய்கிறது.

இந்த அமைப்புக்கு ‘கடீன்’ என்று பெயர். 15-ம் நூற்றாண்டிலிருந்து பாலிவால் சமூகத்தார் கட்டி வளர்த்த முறை. சுற்றியுள்ள பாறை மேட்டில் விழும் மழை ஓடிவந்து பள்ளத்து நிலத்தில் தேங்கும்படி குறுக்கே கரை போடுகிறார்கள். ஒரு பங்கு வயலுக்குப் பத்துப் பங்குக்கும் மேலான மேட்டு நிலத்துத் தண்ணீர் வந்து சேரும். கூடுதல் தண்ணீர் வெளியேறக் கலிங்கும், மிச்சத்தை வடிக்க மதகும் உண்டு. தண்ணீர் வற்றியதும் மண்ணில் நிற்கும் ஈரத்திலேயே விதைத்துவிடுகிறார்கள். தண்ணீரோடு வரும் வண்டல்தான் உரம்.

வயலோரத்தில் நின்றது நமக்குத் தெரிந்த வன்னி மரம். இங்கே சிவன் கோயில்களில் தல மரம். அங்கே ‘கேஜ்ரி’ என்று பெயர். கம்புக் காட்டுக்குள்ளேயே விட்டு வளர்க்கிறார்கள். இலை ஆடு மாடுகளுக்குத் தீவனம், பிஞ்சுக் காய் வீட்டுக் கறி. வேர் ஆழமாக இறங்குவதால் வறட்சியிலும் பட்டுப்போவதில்லை. இந்த மரத்தை வெட்ட விடாமல் கட்டிப்பிடித்து 1730-ல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில் 363 பிஷ்னோய் மக்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

குடிதண்ணீருக்கு வீட்டு முற்றத்திலேயே ‘டாங்கா’ என்ற நிலத்தடித் தொட்டி. சுற்றிலும் சரிவாகத் தரையை மெழுகி, மழைநீரை அதில் இறக்குகிறார்கள். நாங்கள் தங்கிய இடத்துக்கு அருகில் இருந்த பெரியவர், நாங்கள் கேட்காமலே ஒரு குடம் எடுத்துக் கொடுத்தார். அடுத்த மழை ஜூலையில்தான். அந்தத் தொட்டியை நம்பித்தான் அவர் குடும்பமும் ஆடுகளும் கோடையைத் தாண்ட வேண்டும். அந்தக் குடத்தை வாங்கும்போது எனக்குக் கை கூசியது.

நம் நிலத்துக்கு அப்படியே கடீன் பொருந்தாது. நம்மிடம் அவ்வளவு மேட்டு நிலம் கிடையாது, மழையும் கொட்டித் தீர்க்கும். ஆனால், ஓடும் தண்ணீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்கும் வேலை பொதுவானது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். வரப்பை உயர்த்துங்கள். நிலத்தின் தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை வெட்டி, கூடுதல் தண்ணீர் வெளியேற வழி விடுங்கள். வரப்போரம் இரண்டு வன்னிக் கன்றும் வையுங்கள். உங்கள் நிலத்தின் சரிவையும் மண் வகையையும் குறிப்பிட்டு கேள்வி-பதில் பகுதிக்கு எழுதினால், குட்டைக்கு ஏற்ற இடம் பற்றிப் பேசலாம்.