பழைய டிஸ்க்

மாணவர் காலத்தில் மறக்க முடியாத அனுபவம் ஒன்றை எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுத் தம்பி கேட்டபோது, விரிவுரை மண்டபத்தில் நடந்த எதையாவது எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நினைவுக்கு வந்ததோ ஒரு கிறீச்சொலி.

2006ஆம் ஆண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. அப்பா தம்முடைய பழைய புரோட்டோன் வீராவை என்னிடம் கொடுத்திருந்தார். மலரில் எழுதும்போது மகிழுந்து என்றுதான் கை எழுத வருகிறது; ஆனால் பீடோரில் எங்கள் வீட்டில் அது எப்போதும் காடிதான். செம்பனைக் குலை லோரி ஓட்டிய சம்பளத்தில் அப்பா மிச்சம் பிடித்து வாங்கிய இரண்டாங்கைக் காடி. "எண்ணெய் பாரு, தண்ணி பாரு, பிரேக்குல சத்தம் வந்தா ஒடனே காட்டு" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்.

சத்தம் வந்தது. பந்தாய் டாலாம் சமிக்ஞை விளக்கில் நிற்கும்போதெல்லாம் முன் சக்கரம் கிறீச்சென்று அலறும். கல்லூரி நண்பர்கள் "உன் காடி பாட்டுப் பாடுதுடா" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டேன். பிரேக் பேட் தேய்ந்து, கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும், அதில் பொருத்தியிருக்கும் சின்னத் தகடு டிஸ்க்கில் உரசி அப்படிச் சத்தம் போடும் என்பதும், அது 'மாற்று' என்று சொல்வதற்காகவே வைக்கப்பட்ட தகடு என்பதும் எனக்குத் தெரியாது. பி.டி.பி.டி.என். கடன் பணம் வரட்டும் என்று இரண்டு மாதம் ஓட்டினேன். பிறகு கிறீச்சொலி நின்றுவிட்டது. தானாகச் சரியாகிவிட்டது என்று மகிழ்ந்தேன்! அடுத்த வாரம் கரகரவென்று இரும்பை இரும்பு அரைக்கும் ஓசை கேட்டது.

முதலில் போனது நம்மவர் ஒருவரின் பட்டறை. "தம்பி எந்த ஊரு? பீடோரா? நம்ம ஆளுதான்" என்று தோளில் தட்டினார். காடியைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினார்கள். பத்து நிமிடத்தில் கணக்கு வந்தது. பேட் 160 வெள்ளி, டிஸ்க் இரண்டும் 380, கேலிப்பர் இரண்டும் 220, கூலி 100. மொத்தம் 860 வெள்ளி. அந்தப் பருவத்தில் என் சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் ஒதுக்கியிருந்த பணத்தைவிட அது அதிகம். எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். "தம்பி, பிரேக்குல வெளயாடக் கூடாது. உயிர் முக்கியமா, காசு முக்கியமா?" என்றார். அந்தக் கேள்விக்கு யார்தான் பதில் சொல்ல முடியும்? யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியேறினேன்.

ஏமாற்றப் பார்க்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். என் அறிவின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. நண்பன் காட்டிய இன்னொரு கடைக்குப் போய், கடைக்காரர் வாய் திறப்பதற்கு முன்பே "பேட் மட்டும் மாத்துங்க" என்றேன். சீன இளைஞர் ஒருவர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, "போஸ், டிஸ்க் சுடா நிப்பிஸ்" என்று மலாயில் சொன்னார். டிஸ்க் மெலிந்துவிட்டது என்கிறார். பார், இவனும் அதே பல்லவியைப் பாடுகிறான் என்று நினைத்துக்கொண்டு, வேண்டாம் என்றேன். பேட் 55, கூலி 20. எழுபத்தைந்து வெள்ளியில் வேலை முடிந்தது. அன்றிரவு அறை நண்பர்களிடம், 785 வெள்ளியை எப்படிக் காப்பாற்றினேன் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

பருவ விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது, அக்காவின் குழந்தையைப் பார்க்க ரிங்லெட்டுக்குப் புறப்பட்டோம். அப்பா பக்கத்தில், அம்மா பின்னால். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையை அறிந்தவர்களுக்கு அதன் வளைவுகளைச் சொல்லத் தேவையில்லை. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. மாலையில் இறங்கும்போதுதான் கோளாறு. பிரேக் மிதித்தால் மிதிகட்டை காலின் கீழ் படபடவென்று உதைத்தது. ஸ்டீயரிங்கும் ஆடியது. சில வளைவுகள் கழிந்ததும் தீய்ந்த வாடை. அதன் பிறகு, மிதித்தாலும் காடி முன்போல் பிடிக்கவில்லை. எதிரே காய்கறி லோரி ஒன்று வளைவில் ஏறி வந்தது. முழு பலத்தோடு மிதித்தேன். காடி தன் விருப்பத்துக்குத்தான் நின்றது. பின்னால் அம்மா "முருகா" என்றது இன்றும் காதில் இருக்கிறது.

"கியர எறக்கு. ரெண்டாவதுக்குப் போ. கால எடு, திரும்ப மிதி" என்றார் அப்பா. குரலை உயர்த்தவில்லை. ஊர்ந்து ஊர்ந்து லாத்தா இஸ்கண்டார் அருவிக்கு வந்து ஓரங்கட்டினோம். முன் சக்கரங்களிலிருந்து லேசாகப் புகை. அம்மா இறங்கிப்போய் ஓராங் அஸ்லி கடையில் பெத்தாய் வாங்குவதுபோல் நின்றார். அவருக்குக் கை நடுங்குவதை நாங்கள் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன். அங்கேதான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, "சாவியக் குடு" என்று வாங்கிக்கொண்டு, தாப்பா வரைக்கும் சின்ன கியரிலேயே இறக்கினார்.

மறுநாள் காலை பசியாறியதும் அப்பாவுக்குப் பழக்கமான அங்கிளின் பட்டறைக்குப் போனோம். தோட்டத்துச் சனங்களோடு பழகி அரைகுறைத் தமிழ் பேசும் முதியவர். "பாத்துக்கோ" என்று என்னைப் பக்கத்தில் குந்த வைத்துக்கொண்டார். நான் புதிதாகப் போட்ட பேட்டைக் கழற்றிக் காட்டினார். முழுப் பரப்பும் டிஸ்க்கில் படவில்லை; டிஸ்க்கின் மேடுகளில் பட்ட கோடுகள் மட்டும் கருகிப் பளபளத்தன. பழைய பேட்டின் இரும்புத் தகடு உழுதுவிட்ட பள்ளங்களில் விரலை வைக்கச் சொன்னார். பிறகு அளவுக் கருவியைக் கொண்டுவந்தார். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். துருவைச் சுரண்டி, எண்ணை வாசிக்க வைத்தார். எங்களுடையது அதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் குறைவு. இடத்துக்கு இடம் தடிப்பு மாறியதால்தான் மிதிகட்டை உதைத்திருக்கிறது. கடைந்து சமப்படுத்தலாமா என்று அப்பா கேட்டார். இருக்கிற இரும்பே போதாது, இதில் கடைய எதுவுமில்லை என்றார் அங்கிள். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. பட்டணத்துச் சாலையில் சமாளித்துவிடும், மலை இறக்கத்தில் கைவிட்டுவிடும்.

அப்படியென்றால் முதல் பட்டறைக்காரர் டிஸ்க் விஷயத்தில் சொன்னது உண்மை. பேட்டோடு நிறுத்தியதற்கு அந்தச் சீன இளைஞரையும் குறை சொல்ல முடியாது. நான்தான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"கேலிப்பரும் மாத்தணுமாம் அங்கிள்" என்றேன். அவர் பதில் பேசாமல் பிஸ்டனைக் கருவியால் உள்ளே தள்ளினார். சீராகப் போனது. ரப்பர் உறை கிழியவில்லை, எண்ணெய் கசியவில்லை. கேலிப்பர் நகரும் ஊசிகளில் ஒன்று மட்டும் காய்ந்து இறுகியிருந்தது. துடைத்து, கொழுப்பு தடவி, கையால் ஆட்டிக் காட்டினார். 220 வெள்ளிக்குச் சொன்ன வேலை அத்தோடு முடிந்தது.

டிஸ்க் ஒன்று 95 வெள்ளியாக இரண்டு, பேட் 65, பிரேக் எண்ணெய் 15, கூலி 40. மொத்தம் 310 வெள்ளி. நான் வீணாக்கிய 75ஐயும் சேர்த்தால் 385. சத்தம் கேட்ட முதல் வாரமே போயிருந்தால் பேட்டோடு முடிந்திருக்கக்கூடும். இந்தக் கணக்கை நான் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் காய்கறி லோரி நடுவில் வந்து நிற்கிறது.

இப்போது வேலை பார்க்கும் இடத்தில் இளையவர்கள் காடி வாங்கினால், என்னிடம்தான் விலை கேட்டு வருகிறார்கள். விலையை நான் சொல்வதில்லை. அது காடிக்குக் காடி, ஆண்டுக்கு ஆண்டு மாறும். சக்கரத்தைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள், பேட்டில் எவ்வளவு மிச்சம், டிஸ்க் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து காட்டச் சொல்லுங்கள், சாமான் விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள், கழற்றிய பழையதைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். முகம் சுளிக்காமல் அளந்து காட்டுகிறவர் கொஞ்சம் அதிகம் கேட்டாலும் கொடுக்கலாம். பணத்தை வாங்கிக்கொண்டு வேலையில் ஏமாற்றினால், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த நடுவர் மன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலே, ஐந்து வெள்ளி கட்டணத்தில் மனுச் செய்யலாம். அது மாணவனாக இருந்தபோது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் யார் மேல் மனுப் போட்டிருப்பேன்?

அங்கிளிடம் அப்பாதான் பணம் கொடுத்தார். நான் பணப்பையை எடுத்தபோது பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார். புறப்படுமுன், மூட்டு நோகக் குனிந்து, பழைய டிஸ்க் இரண்டையும் தூக்கிப் பின்பெட்டியில் போட்டார். ஒன்று எங்கே போனதென்று தெரியவில்லை. மற்றொன்று பீடோர் வீட்டில், காற்றில் அடித்துக்கொள்ளாதபடி வாசற்கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா அதற்கும் ஒரு கை வெள்ளிச் சாயம் அடித்துவிடுகிறார்.