குதிக்கும் விதை: சில குறிப்புகள்

வடமேற்கு மெக்சிகோ. சொனோரா மாநிலத்தில் ஆலமோஸ். பழைய வெள்ளிச் சுரங்க ஊர். இப்போது பேர் வாங்கித் தருவது குதிக்கும் பீன்ஸ்.

பீன்ஸ் இல்லை. ஆமணக்குக் குடும்பத்துப் புதர் ஒன்றின் காய்.

புதரின் பால் விஷம். அந்தப் பக்கத்துப் பழங்குடிகள் அம்பு முனையில் தடவியது. அதன் விதையைத் தின்றுதான் காய்க்குள் இருக்கும் புழு கொழுக்கிறது. குதிக்க வைப்பதும் அதுதான்.

இந்தக் காயும் ஆமணக்குக் காய் போலவே மூன்றாகப் பிளக்கும். அதனால்தான் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு தட்டைப் பக்கம், ஓர் உருண்டை முதுகு.

புழு வளர்ந்தால் அந்துப்பூச்சி. பெயர் சிடியா சால்டிடன்ஸ். ஆப்பிளைத் துளைக்கும் புழுவுக்கு நெருங்கிய சொந்தம்.

உள்ளே பருப்பு காலி. சுவர் முழுக்கப் பட்டு நூல். ஓட்டில் துளை விழுந்தால் அதையும் நூலால் அடைத்துவிடும்.

நூலைக் காலால் கவ்விக்கொண்டு உடம்பை ஒரு வெட்டு வெட்டுகிறது. ஓட்டில் இடிக்கிறது. நமக்குக் கேட்பது: டக்.

சூடு ஏறினால் டக் டக் டக். நிழலுக்குத் தப்பத்தான்.

நிழல் எந்தப் பக்கம்? அதற்குத் தெரியாது. சியாட்டில் இயற்பியல்காரர்கள் அளந்து 2023இல் எழுதினார்கள்: குடிகாரன் நடை. ஒரு குதிப்புக்கும் அடுத்ததற்கும் திசைத் தொடர்பு இல்லை. நேர்கோட்டில் போனால் வேகம். திசை தப்பினால் அவ்வளவுதான். கண்டபடி போனால் நேரம் பிடிக்கும், ஆனால் நிழல் என்றைக்காவது அகப்படும்.

1934, பாரிஸ். மேசைமேல் இதே விதைகள். எழுத்தாளர் ரோஜே கேய்வா அறுத்துப் பார்க்கலாம் என்றார். சர்ரியலிஸ்டுகளின் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோன் கூடாது என்றார், மர்மம் போய்விடுமாம். கேய்வா கடிதம் எழுதிவிட்டு சர்ரியலிஸ்டுகளை விட்டே விலகினார்.

நான் கேய்வா கட்சி.

சின்னதாக ஒரு துளை போட்டுப் பார்த்திருக்கலாம். புழு அடைத்துக்கொண்டிருக்கும்.

கூட்டுப்புழு ஆவதற்கு முன்பே ஓட்டில் வட்டமாக ஒரு கதவு வெட்டி வைக்கிறது. பூச்சியான பிறகு வெட்டத் தாடை இருக்காது. அப்போது முட்டினால் போதும், திறந்துகொள்ளும்.

புழுவாக மாதக்கணக்கில். பூச்சியாகச் சில நாள்.

குதிக்காத விதையை ஏமாற்று என்று எறிகிறார்கள். முளைத்தால் அதுதான் முளைக்கும்.

குட்டி பிளாஸ்டிக் டப்பாவில் பொம்மையாக விற்பார்கள். யாராவது வாங்கி வந்து கொடுத்தால் வெயிலில் வைத்து வேடிக்கை பார்க்காதீர்கள். உள்ளே புழு வெந்துபோகும். நிழலில் வையுங்கள், அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்.